பார்த்தாலே தெரிகிறது

முதல் நாளே தடை போட்டுவிட்டார் டாக்டர் குவெக்:
"பார்த்தாலே தெரிகிறது" என்று
இந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது.
சொன்னால் அடுத்த வாரம்
எல்லாருக்கும் அவர் செலவில் கறிபஃப்.

வடிவியல், வியாழன் காலை.
இருபத்து மூன்று பேர்.
பள்ளிப் பிள்ளைகளுக்கு அடுத்த வருடம்
கோணம் சொல்லித்தரப் போகிறவர்கள்.
பாசிர் பாஞ்சாங் முனையத்தில் பதினொரு வருடம்
எந்தப் பெட்டிமேல் எந்தப் பெட்டி என்று
திரையில் அடுக்கியவள் நான்.
செவ்வகத்தைப் பற்றி எனக்கா என்ற
ஒரு சின்னத் திமிரோடுதான்
பூன் லேயில் 179 ஏறினேன்.

இரண்டாம் வாரம் வெண்பலகையில்
ஒரு சதுரம் வரைந்தார்,
ஒற்றை முனையில் நிற்கவைத்து.
இது என்ன?
"டைமண்ட்" என்றோம்
இருபத்து மூன்று பட்டதாரிகளும் ஒரே குரலில்.
அவர் பேசவில்லை.
தலையை மட்டும் தோளில் சாய்த்துப் பார்த்தார்.
நூர்ஹிதாயாதான் முதலில் சிரித்தாள்.
கறிபஃப் வாங்கியவன் வெண்டல்.

அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டே
மன்னார்குடியில் படித்ததை மறக்காத மாறன்
தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னார்:
இணைகரம். சரிவகம். சாய்சதுரம்.
சாய்சதுரமா?
சதுரமல்லவா அதில் ஒரு வகை,
பெயரில் ஏன் தலைகீழ்?
உங்களை இந்த மாடியில் எல்லாரும்
"இனியா அப்பா" என்கிற மாதிரியா?
அப்புறம் செங்கோணம்:
கோணல் என்றும் சொல்லி
செம்மை என்றும் சொல்வதா?
குழாயை மூடிவிட்டு யோசித்தார்.
"இப்படியெல்லாம் கேட்டிருந்தா
நாங்க பாஸே ஆகியிருக்க மாட்டோம்."

ஏழாம் வாரம் என் முறை.
பதினைந்து நிமிடம் நான் ஆசிரியை,
மற்றவர்களுக்கு வயது பதின்மூன்று.
ஆளுக்கொரு காகித முக்கோணம் கொடுத்தேன்.
மூலைகளைக் கிழியுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்,
நேர்கோடு வருகிறதா?
வந்தது. கைதட்டினார்கள்.
பின்வரிசையில் ஜியான் வெய்,
ராணுவத்தில் இருந்தவன்,
நாற்காலியின் பின்காலில் ஆடியபடி:
"சேர், என்னோடது கொஞ்சம் வளையுது."

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சேர் என்றால் டீச்சர்.
எனக்கு மட்டும் அது ஏவலாகவும் கேட்டது.
சேர்.
சேர்த்துப் பார்த்தேன். வளையத்தான் செய்தது.
"நூற்று எழுபத்தொன்பதா இருக்கக் கூடாதா, சேர்?"

குளிர்சாதனம் மட்டும் பேசியது.
டாக்டர் குவெக் தலை நிமிரவில்லை.
ஒட்டுத்துண்டுகளை ஒதுக்கிவிட்டு
பலகையில் கிழியாத முக்கோணம் ஒன்று வரைந்து,
உச்சி வழியாக
அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு.
ஏன் போட்டேன் என்று போட்ட பிறகுதான் புரிந்தது:
கீழ் மூலைகள் இரண்டும்
கத்தரிக்கோல் இல்லாமல்
தாமாக ஏறி வந்து உச்சியில் அமர்ந்தன.
ஒன்றுவிட்ட கோணங்கள்.
ஒன்றுவிட்ட தம்பி மாதிரி,
கோட்டுக்கு அந்தப் பக்கம், அச்சு அசல் அதே சாடை.
வளைய இடமில்லை.
ஒரு பாகைகூடக் குறைய இடமில்லை.

பதினொரு வருடம் பெட்டி அடுக்கினேன்,
ஒரு மூலையையும் இப்படிப் பார்த்ததில்லை.

அவன் நாற்காலியை நான்கு காலில் நிறுத்தினான்.
பதின்மூன்று வயதுக் குரல் போய்விட்டிருந்தது.
"அந்த உச்சி வழியா
இணைகோடு ஒண்ணே ஒண்ணுதான் போகுமா?
எப்படித் தெரியும்?"

"அதுதான் பார்த்தாலே..."

அறை முழுக்க மேசையைத் தட்டியது.
டாக்டர் குவெக் கடைசியில் நிமிர்ந்தார்.
"அந்தக் கேள்வியில்
இரண்டாயிரம் வருடம் மாட்டிக்கொண்டார்கள்.
நீங்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்."

அடுத்த வியாழன் பூன் லேயில்
இருபத்து நான்கு கறிபஃப், சூடாக.
அரைவட்டம் என்று சொல்ல மாட்டேன்,
அளக்கவில்லை.
கைப்பையில் இன்னும் கிடந்தன
ஜியான் வெய் கிழித்த மூன்று மூலைகள்.
179 வந்தது,
வழக்கம்போல்
ஒன்று குறைவாக.